அறை வெப்பம்

ஔலு நகரில் டிசம்பர் மாதம்
இரண்டரை மணிக்கே இருட்டிவிடும்.
எங்களுக்கு அது பெரிய விஷயமில்லை,
அளவீட்டு அறைக்குச் சன்னலே கிடையாது.
சுவரெங்கும் நுரைக் கூம்புகள்,
கூம்புகளுக்குப் பின்னால் ஃபெரைட் ஓடுகள்.
நாலாயிரத்துச் சொச்சம். ஒட்டியது நான்.
கதவைச் சாத்திவிட்டால் உள்ளே
இருமல்கூடத் திரும்பி வராது.

ஐலாவின் கணினிக்குள்ளும் ஓர் அறை உண்டு.
அங்கே வெளி என்பது கட்டம் கட்டமாக,
ஒன்பது கோடிக் கட்டம்.
மின்புலம் அரை அடி வைக்கும்;
அதைப் பார்த்துக் காந்தப்புலம் அரை அடி வைக்கும்.
விளிம்பில் ஒரு மாயத்தோல்,
பட்ட அலையைச் சத்தமின்றி விழுங்கி
பெட்டி முடிந்த இடத்தில்
பிரபஞ்சம் தொடர்வதாக நடிக்கும்.
"இந்தப் பொய் இல்லாவிட்டால்
ஓர் உண்மையும் வராது" என்பாள்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பனிமான் கழுத்துக்கு ஒரு பட்டை,
பட்டைக்குள் சுண்டுவிரல் நீள ஃபெரைட் தண்டு.
நிக்கலும் துத்தநாகமும் இரும்புத் துருவும்
என் உலையில், ஆயிரத்து இருநூறு டிகிரியில்
ஒன்றாக வெந்து கறுத்தது.
அதில் கம்பி சுற்றி
ஒரே ஓர் அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்தோம்.
ஒன்பது நாள் ஓடிய அவள் கணக்கும்
அறையில் எடுத்த என் அளவும்
ஒன்றன்மேல் ஒன்று படுத்து
ஒரே கோடாயின.
கேக் வெட்டினோம்.

ஜனவரியில், இனாரியிலிருந்து அஸ்லாக்:
"மான் நாற்பது. பட்டை நாற்பது.
கேட்பது ஏழு."
கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு,
"அந்த ஏழும் நோயில் கிடப்பவை. கொட்டிலுக்குள்."

ஐலா முதலில் மரங்களைச் சந்தேகித்தாள்.
பனி அப்பிய ஊசியிலைக் காடு,
ஒரே அலை பத்து வழியில் போய்
போன இடத்தில் தன்னையே சந்தித்து
தன்னையே அழித்துக்கொள்ளும் என்று
பலகை நிறைய எழுதினாள்.
மறுபடி ஓட்டினாள், காட்டையும் சேர்த்து.
கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை.
அதுதான் எனக்கு உதைத்தது.

எதிர்பார்த்தது வந்து சேர்ந்தால்
அதில் செய்தி இல்லை,
எவ்வளவு வியப்போ அவ்வளவே செய்தி:
முதல் வகுப்பில் மாணவர்களுக்கு
அவளே சொல்வதுதான்.
நாற்பதும் ஊமையாகியிருந்தால்
இன்னும் மரத்தைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.
ஏழு பேசின.
ஏழும் கூரைக்குக் கீழே, வைக்கோல் சூட்டில்.

அன்றிரவு ஒரு தண்டைக்
கம்பியும் சுருளுமாகப் பால்கனியில் வைத்தேன்.
மைனஸ் இருபத்தெட்டு.
காலையில் செய்தித்தாளில் சுற்றிக்
கம்பளிக் கையுறைக்குள் ஒளித்து
ஓட்டமும் நடையுமாக ஆய்வகம்.
திரையில் சிகரம் தன் இடத்தில் இல்லை,
வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி நின்றது.
நாங்கள் பார்க்கப் பார்க்க,
தண்டு சூடேற ஏற,
இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து
பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது
ஒன்றும் நடக்காததுபோல.

ஐலா உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தாள்.
இருநூற்றுப் பதினான்காம் வரி.
வெப்பநிலை: இருபது.
"ரெய்யோ, இந்த எண் யார் கொடுத்தது?"
பொருள் பட்டியலின் அடியில்
என் கையெழுத்து.

காந்தத்துக்கு ஒரு குணம்,
ஏறிய வழியில் இறங்காது.
புலத்தை அணைத்த பின்னும்
உள்ளே கொஞ்சம் மிச்சம் நிற்கும்.
அதைக் கரைக்க
எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும்.
"தப்பு என்னுடையது" என்று சொல்ல
எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவள் அதற்குள்
உறைபெட்டிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டிருந்தாள்.
மைனஸ் நாற்பதிலிருந்து ஐந்தைந்தாக ஏறி
ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு வளைவு.
பிப்ரவரி முழுக்க என் விரல்களில்
உணர்ச்சியே இல்லை.

மார்ச் கடைசியில் தொலைபேசி.
பின்னணியில் ஒரு நாய், பனிச்சறுக்கு வண்டியின் உறுமல்.
"முப்பத்தெட்டு கேட்கிறது" என்றார் அஸ்லாக்.
மீதி இரண்டு எங்கே என்றேன்,
தாளில் மறுபடி எண்ணைத் தேடியபடி.

"அது ஓநாயின் கணக்கு" என்றார்,
வைத்துவிட்டார்.